சைல்ட்கேரில் பூர்வகுடி சமூகத்தோடு உறவு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

ஆஸ்திரேலியாவில் சைல்ட்கேர், ப்ரீஸ்கூல் வேலையில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ஏப்ரல் கடைசியில் டைரக்டர் வந்து, "ரிகன்சிலியேஷன் வீக்குக்கு என்ன செய்யப் போகிறோம்?" என்று கேட்பார். பூர்வகுடி மக்களோடு நல்லிணக்கம் வளர்க்க மே கடைசியில் வரும் வாரம் அது. அந்த வேலை பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த ஒருவர் தலையில் விழும். அவர் இணையத்தில் தேடி, பிள்ளைகளுக்குக் காகிதமும் காட்டன் பட்ஸும் கொடுத்துப் புள்ளி ஓவியம் செய்யவைப்பார். படம் எடுத்து ஆப்பில் போடுவார். அடுத்த ஏப்ரலில் வேறொருவர் தலையில் அதே வேலை விழும்.

இந்த வழிகாட்டி அப்படி வேலை தலையில் விழுந்தவர்களுக்கானது. நான் பார்த்த சென்டர்களில் மனம் இல்லாததால் தடுமாறியவர்கள் குறைவு. வரிசை தவறியதால் தடுமாறியவர்கள்தான் அதிகம். விருந்தினரை அழைப்பதும் ஆவணம் எழுதுவதும் பின்னால் வரவேண்டியவை. அவற்றை முதலில் வைத்தால் எல்லாம் ஒரு வாரக் கொண்டாட்டமாக முடிந்துவிடும்.

உதாரணங்கள் பெரும்பாலும் மேற்கு சிட்னியைச் சேர்ந்தவை. வேறு மாநிலத்தில் அமைப்புகளின் பெயர் மாறும், வரிசை மாறாது.

தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

டைரக்டரின் ஒப்புதல், பிள்ளைகளோடு இல்லாத நேரத்தில் வாரத்துக்கு ஒரு மணி, பட்ஜெட்டில் தனி வரியாகக் கொஞ்சம் பணம், குறைந்தது ஓராண்டுப் பொறுமை. இந்த நான்கும் வேண்டும்.

இதற்கு ஏன் செலவு என்று மேலிடம் கேட்டால், விதிகளையே காட்டலாம். பூர்வகுடி, டோரஸ் நீரிணைத் தீவு மக்களின் பண்பாடுகள் மதிக்கப்படவேண்டும் என்பது சைல்ட்கேர் தேசியச் சட்டத்தின் வழிகாட்டு நெறிகளில் ஒன்று. சின்னப் பிள்ளைகளுக்கான தேசியக் கற்றல் வழிகாட்டியான ஈ.ஒய்.எல்.எஃப்.பின் திருத்திய பதிப்பு இதைத் தனிக் கோட்பாடாகவே வைத்திருக்கிறது. தரநிர்ணயத்தில் குவாலிட்டி ஏரியா 6 குடும்பங்களோடும் சமூகத்தோடும் உள்ள கூட்டுறவைப் பற்றியது. டைரக்டரிடம் உணர்ச்சியாகப் பேசுவதைவிட, சென்டரின் கியூ.ஐ.பி.யில் (தரமேம்பாட்டுத் திட்டத்தில்) இது எந்த இடத்தில் வரும் என்று காட்டுவது சீக்கிரம் வேலை செய்யும்.

1. எந்த நிலத்தில் நிற்கிறீர்கள் என்று கண்டுபிடியுங்கள்

முதல் வேலை இதுதான். நிலம் யாருடையது என்று தெரிந்தால்தான் யாரிடம் பேசவேண்டும் என்பது தெரியும்.

பலர் பூர்வகுடி ஆய்வுக்கான தேசிய நிறுவனம் ஏ.ஐ.ஏ.டி.எஸ்.ஐ.எஸ். வெளியிட்ட வண்ண வரைபடத்தைப் பார்த்துவிட்டு அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நாடு முழுக்க எத்தனை மக்கள், எத்தனை மொழிகள் என்று காட்டுவதற்கு அது அருமையான படம். ஆனால் எல்லைகள் துல்லியமானவை அல்ல என்று அந்தப் படத்திலேயே எழுதியிருக்கிறது. உங்கள் தெரு யாருடைய நிலம் என்று முடிவு செய்ய அது போதாது.

அடுத்து உள்ளூர் கவுன்சிலின் இணையதளத்தைப் பாருங்கள். நியூ சவுத் வேல்ஸில் உள்ளூர் அபாரிஜினல் லேண்ட் கவுன்சிலிடம் கேளுங்கள். மேற்கு சிட்னியின் பெரும்பகுதிக்கு அது டீரப்பின். இங்கே ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். லேண்ட் கவுன்சில் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அதன் உறுப்பினர்கள் எல்லோரும் அந்த நிலத்தின் வழிவந்தவர்கள் என்று சொல்லமுடியாது. வேறு பகுதியிலிருந்து வந்து அங்கே வாழும் பூர்வகுடி மக்களும் அதில் இருப்பார்கள். மேற்கு சிட்னி நிலத்தின் வழிவந்த தாருக் குடும்பங்கள் நடத்தும் அமைப்புகள் தனியே இருக்கின்றன. இருவரிடமும் பேசுங்கள். ஒருவர் சொன்னதை வைத்து இன்னொருவரிடம் வாதாடாதீர்கள்.

விக்டோரியாவில் மெல்பர்ன் எல்லைகள் 2021ல் மாற்றி வரையறுக்கப்பட்டன. வுருன்ட்ஜெரி மக்களின் அமைப்புக்கும் புனுராங் மக்களின் லேண்ட் கவுன்சிலுக்கும் இடையிலான கோடு அப்போது நகர்ந்தது. நிலம் யாருடையது என்று சொல்லும் அதற்கு முந்தைய வாசகம் பல சென்டர்களின் சுவரில் இன்னும் தொங்குகிறது. அங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. ஆர்.ஏ.பி. என்றால் நீங்கள் 10ஆம் படியில் எழுதப்போகும் ரிகன்சிலியேஷன் திட்டமாகவும் இருக்கலாம், நிலத்தின் பாரம்பரியத்துக்குப் பொறுப்பான பதிவு பெற்ற பூர்வகுடி அமைப்பாகவும் இருக்கலாம். போனில் பேசும்போது எதைச் சொல்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

பெயரின் ஸ்பெல்லிங்கையும் கேட்டு எழுதுங்கள். தாருக் என்பதற்கே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துமுறைகள் உண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொன்று பிடிக்கும். நீங்கள் உறவு வைக்கும் அமைப்பு எதை எழுதுகிறதோ அதையே எழுதுங்கள்.

2. ஊழியர்களை முதலில் தயார் செய்யுங்கள்

வெளியாட்களை அழைக்கும் முன் உள்ளே இருப்பவர்கள் படிக்கவேண்டும். காரணம் எளிது. வரும் மூத்தவரிடம், "நீங்கள் முழு அபாரிஜினலா, பாதியா?" என்று ஓர் ஊழியர் கேட்டுவிட்டால், அந்த உறவு அன்றே முடிந்துவிடும். பிள்ளைகளைத் தோலின் நிறத்தை வைத்து வகைபிரித்து, குடும்பங்களிடமிருந்து எடுத்துப்போன அரசு நடைமுறையோடு அந்தக் கேள்வி நேராகத் தொடர்புடையது. கேட்டவருக்கு அது தெரிந்திருக்காது. தெரியாதது அவர் குற்றம் இல்லை. அவருக்குச் சொல்லித்தராமல் அவரை முன்னே நிறுத்தியவர்கள் மேல்தான் குற்றம்.

ஸ்டாஃப் மீட்டிங்கில் மாதத்துக்கு அரைமணி ஒதுக்குங்கள். பறித்துச்செல்லப்பட்ட தலைமுறைகள் பற்றிய 1997ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை, 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் கேட்ட மன்னிப்பு ஆகிய இரண்டிலிருந்து தொடங்கினால் போதும். உங்கள் பகுதியில் நடந்ததையும் சேர்த்துப் படியுங்கள். எங்கள் பக்கம் என்றால் பிளாக்டவுன் நேட்டிவ் இன்ஸ்டிட்யூஷன். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த அந்தப் பள்ளி 1814ல் பாரமட்டாவில் தொடங்கி, 1823ல் பிளாக்டவுனுக்கு மாறியது. அந்த நிலம் 2018ல்தான் தாருக் மக்கள் கைக்குத் திரும்பியது. சென்டரிலிருந்து காரில் சிறிது தூரத்தில் இருக்கும் இடம் என்று தெரிந்ததும் மீட்டிங்கில் பேச்சின் தொனியே மாறிவிடும்.

தமிழ் ஊழியர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியவை சில உண்டு.

முதலாவது, "நாங்களும் குடியேறியவர்கள்தானே, எங்களுக்கு இதில் என்ன பங்கு?" என்பது. அந்த நிலத்தில் வாடகை கொடுக்கிறோம், வீடு வாங்குகிறோம், அங்கே பிறந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறோம். பங்கு இருக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது, முதல் சந்திப்பிலேயே, "எங்கள் ஊரிலும் போர் நடந்தது, எங்களுக்கு உங்கள் வலி புரியும்" என்று தொடங்குவது. உண்மையாகவே சொல்வார்கள். ஆனாலும் அவர் பேசவந்த இடத்தில் நம் கதை முந்திக்கொள்கிறது. பழகிய பிறகு அவரே கேட்பார், அப்போது சொல்லலாம்.

மூன்றாவது, வாட்ஸப்பில் வரும் குமரிக்கண்டம், வளரி, "அவர்களும் நம் ஆட்கள்தான்" வகையறா. தயவுசெய்து அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தாங்கள் வேறெங்கிருந்தும் வரவில்லை, இந்த நிலத்திலேயே தோன்றியவர்கள் என்று நம்பும் ஒருவரிடம் போய், நீங்கள் எங்கள் கடலடி நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று சொல்வது பாராட்டு ஆகாது.

3. ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் குடும்பங்கள்

வெளியே தேடும் முன் உள்ளே பாருங்கள். பூர்வகுடிக் குடும்பங்கள் உங்கள் சென்டரிலேயே இருக்கலாம். என்ரோல்மென்ட் படிவத்தில் பிள்ளை பூர்வகுடியா என்று கேட்கும் பெட்டி இருக்கும், அதை டிக் செய்யாமல் விட்டவர்களும் இருப்பார்கள்.

ஏன் விடுகிறார்கள்? அரசுப் படிவத்தில் அப்படி எழுதியதால் பிள்ளையை இழந்த பாட்டிகள் பல குடும்பங்களில் உண்டு. அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே, இதை ஏன் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், சொல்லாவிட்டால் எதுவும் மாறாது என்று இரண்டு வரி எழுதுங்கள். அதே படிவத்தை ஆண்டுக்கு ஒருமுறை திரும்பக் கொடுங்கள். முதல் நாள் டிக் செய்யாதவர்கள் நம்பிக்கை வந்தபின் செய்வார்கள்.

ஒரு குடும்பம் சொன்னதும் அந்த அம்மாவிடம் ஓடிப்போய், "நீங்கள் வந்து பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லித்தரமுடியுமா?" என்று கேட்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. அவர் வேலைக்குப் போகும் அவசரத்தில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகவந்தவர். உங்கள் சென்டரின் பண்பாட்டு ஆலோசகராக வரவில்லை. பூர்வகுடி எஜுகேட்டர் ஒருவர் ஸ்டாஃபில் இருந்தால் இந்தச் சுமை இன்னும் கூடும். எல்லாக் கேள்வியும் அவரிடமே போகும், சம்பளம் மட்டும் மற்றவர்களுக்கு இருப்பதே. அவர் இந்த வேலையை விரும்பி எடுத்தால், அதற்கான நேரத்தை ரோஸ்டரில் எழுதிக்கொடுங்கள். விரும்பாவிட்டால் அதோடு விடுங்கள்.

குடும்பத்திடம் கேட்கவேண்டியது வேறு. எல்லாப் பெற்றோரிடமும் கேட்பதுதான்: பிள்ளை தூங்க என்ன பாட்டுப் பிடிக்கும், வீட்டில் யார் யார் பார்த்துக்கொள்கிறார்கள், யார் கூட்டிப்போகலாம். அம்மா அப்பா மட்டுமில்லாமல் அத்தை, மாமா, பாட்டி, ஒன்றுவிட்ட அக்கா என்று பலர் வருவார்கள். நமக்கு இது புதிதில்லை. ஆனால் பிள்ளையைக் கூட்டிப்போகும் அனுமதிப் பட்டியலில் இரண்டே வரி இருந்தால் அந்தக் குடும்பம் தினமும் வாசலில் நின்று விளக்கம் சொல்லவேண்டியிருக்கும். படிவத்தில் வரிகளைக் கூட்டுங்கள். பெரிய நிகழ்ச்சிகளைவிட இந்த மாதிரிச் சின்னத் திருத்தத்துக்கு மதிப்பு அதிகம்.

4. முதல் தொடர்பு

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

முதல் வேலை கேட்பது இல்லை, போவது. பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் நைடாக் வார நிகழ்ச்சி, கவுன்சில் நடத்தும் சமூக நாள், உள்ளூர் பூர்வகுடிக் கலைஞர்களின் சந்தை, இவற்றில் உங்கள் ஊழியர்கள் பொதுமக்களாகப் போய் நிற்கட்டும். வாங்கவேண்டியதை வாங்கட்டும், கேட்கவேண்டியதைக் கேட்கட்டும். விசிட்டிங் கார்டு நீட்டவேண்டாம்.

அதன் பிறகு தொலைபேசி. மின்னஞ்சல் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் பதில் வராது. அந்த அமைப்புகளில் ஊழியர்கள் குறைவு. ஒவ்வொரு பள்ளியும், வங்கியும், கட்டுமான நிறுவனமும் அவர்களுக்குத்தான் எழுதுகின்றன.

முதல் அழைப்பில் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: நாங்கள் யார், எந்தத் தெருவில் இருக்கிறோம், எத்தனை பிள்ளைகள், இதுவரை நாங்களே என்ன படித்தோம், யாரிடம் பேசுவது சரி என்று நீங்கள் சொல்லமுடியுமா. கடைசிக் கேள்விதான் முக்கியம். "யாராவது மூத்தவரை அனுப்புங்கள்" என்று கேட்டால் ஒரு சேவையை ஆர்டர் செய்வது மாதிரி இருக்கும். யாரிடம் பேசுவது என்று கேட்டால் முடிவு அவர்கள் கையில் இருக்கும்.

வயதானவர் எல்லோரும் மூத்தோர் அல்லர். அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டவர்தான் எல்டர். நாம் பார்க்கிறவர்களையெல்லாம் ஆன்ட்டி, அங்கிள் என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். இங்கே அவை சமூகம் கொடுக்கும் மரியாதைப் பெயர்கள். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.

ஒத்துக்கொண்ட நாளில் அவர் வராமல் போகலாம். பெரும்பாலும் காரணம் சாவுவீடாக இருக்கும். அங்கே ஸாரி பிசினஸ் என்பார்கள், சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். ஏன் வரவில்லை என்று துருவாதீர்கள். "வசதிப்படும்போது சொல்லுங்கள், நாங்கள் இங்கேதான் இருப்போம்" என்று ஒரு செய்தி போதும். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு வேறு வேலை தயாராக இருக்கட்டும். அவரை நம்பியே நாளை அமைத்தால், வராதபோது எரிச்சல் அவர்மேல் திரும்பும்.

5. பணம்

கூச்சப்படாமல் பேசுங்கள். வரப்போகிறவரோடு பேசும் முதல் உரையாடலிலேயே, "உங்கள் கட்டணம் என்ன?" என்று கேட்டுவிடுங்கள். பேரம் பேசாதீர்கள். பிளம்பருக்கும் தீயணைப்புக் கருவி சோதிப்பவருக்கும் பேசிய பணத்தைக் கொடுக்கும் சென்டர்கள், ஒருவர் தன் வாழ்நாள் அறிவைக் கொண்டுவந்தால் மட்டும் பூங்கொத்தும் சாக்லேட்டும் கொடுத்து அனுப்புவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. 75 டாலருக்கு மேல் கொடுக்கும்போது அவரிடம் ஏபிஎன் (வணிகப் பதிவெண்) இல்லையென்றால், 47 சதவீதம் வரியைப் பிடித்துவைக்கவேண்டும் என்பது பொதுவிதி. அது அவருக்குப் பொருந்தாது என்றால், அவர் கையெழுத்திட்ட சப்ளையர் ஸ்டேட்மென்ட் படிவம் ஒன்று இருந்தால் போதும். உங்கள் அக்கவுன்டன்ட்டிடம் முன்கூட்டியே பேசிப் படிவத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தாளுக்காகப் பணம் மாதக்கணக்கில் நின்றுபோனால், அடுத்த முறை அவர் போனை எடுக்கமாட்டார்.

வரும் நாளில்: வாசலுக்குப் பக்கத்தில் பார்க்கிங், சாய்ந்து உட்கார நாற்காலி (பிள்ளைகளின் குட்டி நாற்காலி வேண்டாம்), டீ, கூட ஒருவரை அழைத்துவர அனுமதி. மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு இருபது நிமிடம் தாராளம். எப்போதும் இரண்டு எஜுகேட்டர்கள் கூடவே இருக்கட்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது விருந்தினர் வேலை இல்லை. படம் எடுக்க முன்பே கேளுங்கள். அவர் சொன்ன கதையையோ பாட்டையோ பதிவு செய்து அடுத்த ஆண்டு போட்டுக்காட்டுவதும் தனி அனுமதி வேண்டிய விஷயம்தான்.

6. அக்னாலெட்ஜ்மென்ட்: யார், எப்படி

வெல்கம் டு கன்ட்ரி என்பது அந்த நிலத்துக்கு உரியவர் சொல்லும் வரவேற்பு. நாம் சொல்லமுடியாது, வேறு பகுதியைச் சேர்ந்த பூர்வகுடியினரும் சொல்லமுடியாது. நிலம் யாருடையது என்று மரியாதையோடு சொல்லும் அக்னாலெட்ஜ்மென்ட்டை யாரும் சொல்லலாம், நாமும் சொல்லலாம், நான்கு வயதுப் பிள்ளையும் சொல்லலாம். இந்த இரண்டையும் மாற்றி எழுதிய அழைப்பிதழ்கள் இன்னும் வருகின்றன.

காலை வட்டத்தில் எல்லோரும் தரையைத் தொட்டு, வானத்தைக் காட்டி, ஒரே மூச்சில் ஒப்பிப்பதுதான் பல சென்டர்களில் நடக்கிறது. ஒரு மாதத்தில் அது தேவாரம் ஒப்பிப்பது போல ஆகிவிடும், வாய் சொல்லும், மனம் மார்னிங் டீயில் இருக்கும்.

அதனால் வாசகத்தைச் சின்னதாக வையுங்கள், ஒவ்வொரு நாளும் அதில் ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். "நாம் தாருக் மக்களின் நிலத்தில் விளையாடுகிறோம். இன்றைக்கு இந்த நிலத்தில் என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். ஒரு பிள்ளை மேக்பை என்னும், இன்னொன்று ஓடையில் தண்ணீர் கூடியிருந்தது என்னும். அந்த ஓடையையும் பறவையையும் யார் நெடுங்காலமாகப் பார்த்துக்கொண்டார்கள் என்ற பேச்சு அங்கிருந்தே வரும். துங்காபி, பாரமட்டா என்று பிள்ளைகள் தினமும் சொல்லும் ஊர்ப்பெயர்களே தாருக் மொழியிலிருந்து வந்தவைதாம், அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உள்ளூர் மொழிச் சொற்களை இணையப் பட்டியலிலிருந்து எடுத்து ரூம்களுக்குப் பெயர் வைக்காதீர்கள். மொழிகள் அந்தந்தச் சமூகத்தின் பொறுப்பில் உள்ளவை என்பதை நியூ சவுத் வேல்ஸ் 2017ல் தனிச் சட்டமாகவே இயற்றியிருக்கிறது. கேட்டுவிட்டு வைத்தால், உச்சரிப்பையும் அவர்களே சொல்லித்தருவார்கள்.

7. ரூமில் என்ன வைப்பது, எதை எடுப்பது

முதலில் எடுக்கவேண்டியவை. இணையத்தில் இறக்கிய புள்ளி ஓவிய வர்க்‌ஷீட்கள். இன்று உலகம் அறிந்த புள்ளி ஓவிய மரபு மத்தியப் பாலைவனத்தைச் சேர்ந்தது, 1970களின் தொடக்கத்தில் பப்புன்யாவிலிருந்து பரவியது. சிட்னியின் நிலத்துக்கு அது உரியதல்ல. ஓவியத்திலுள்ள குறியீடுகளுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. டிஜரிடூ என்ற நீண்ட ஊதுகுழலும் அப்படித்தான், வடக்கிலிருந்து வந்தது. அட்டைக் குழாயில் பிள்ளைகள் ஆளுக்கொரு டிஜரிடூ செய்யும் நடவடிக்கையை நிறுத்துங்கள்.

பிறகு வைக்கவேண்டியவை. பூர்வகுடி எழுத்தாளர்களும் ஓவியர்களும் செய்த படக்கதைகள். புரூமில் உள்ள மகபாலா போன்ற பூர்வகுடிப் பதிப்பகங்களின் பட்டியலைப் பாருங்கள். இன்றைய வாழ்க்கையைக் காட்டும் புத்தகங்கள் பாதியாவது இருக்கட்டும்: ஃபுட்டி விளையாடும் பிள்ளை, நர்ஸ் வேலைக்குப் போகும் அம்மா. பழங்காலக் கதை மட்டும் இருந்தால், இந்த மக்கள் டைனோசர் மாதிரி எப்போதோ இருந்தவர்கள் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். உண்மையாகவே கேட்பார்கள், "அவர்கள் எல்லோரும் செத்துவிட்டார்களா?" என்று.

பொருள் வாங்கும்போது விற்பவர் யார் என்று பாருங்கள். பூர்வகுடி நிறுவனங்களைப் பட்டியலிடும் சப்ளை நேஷனில் சரிபார்க்கலாம்.

கொடிகள் இரண்டும் வேண்டும். ஹரால்ட் தாமஸ் 1971ல் வடிவமைத்த பூர்வகுடிக் கொடியின் பதிப்புரிமையை 2022ல் மத்திய அரசு வாங்கிவிட்டதால் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். டோரஸ் நீரிணைத் தீவுக் கொடியின் உரிமை அங்குள்ள பிராந்திய கவுன்சிலிடம் இருக்கிறது. அச்சிடவோ டி-ஷர்ட்டில் போடவோ முன் அவர்களிடம் கேளுங்கள். பூர்வகுடிக் கொடியில் கறுப்பு மேலே, சிவப்பு கீழே. தலைகீழாக ஒட்டிய சுவர்களையும் பார்த்திருக்கிறேன்.

8. தோட்டம்

உறவுக்கு நல்ல இடம் இதுதான். உட்கார்ந்து பேசுவதைவிடப் பக்கத்தில் நின்று மண் கிளறிக்கொண்டே பேசுவது எல்லோருக்கும் எளிது. பிள்ளைகளும் அசைந்தபடி இருக்கலாம்.

"புஷ் டக்கர்" (பூர்வகுடியினரின் காட்டு உணவு) என்று எழுதிய தொட்டி எதையும் கடையில் வாங்கிவிடாதீர்கள். லெமன் மிர்ட்டில் குவீன்ஸ்லாந்து கடற்கரைக் காட்டைச் சேர்ந்தது. வளரும், நல்ல வாசனை, ஆனால் மேற்கு சிட்னியின் செடி இல்லை. உங்கள் பகுதிச் செடிகளை விற்கும் கவுன்சில் நர்சரியிலோ சமூக நர்சரியிலோ கேளுங்கள்.

தொடங்க நல்லது லொமான்ட்ரா. தென்கிழக்கு முழுக்க வளரும், எளிதில் சாகாது. அதன் நீண்ட இலைகளை முடையலாம். முடையக் கற்றுத்தர ஒருவரை அழைத்தால், ஒருமுறை வந்து போவதற்குப் பதில் பருவத்துக்குப் பருவம் வர அதுவே காரணமாகும். வாரிகல் கீரையும் நடலாம். நம் வீட்டில் கீரை கடைகிறவர்களுக்குப் பார்த்ததும் ஆசை வரும். ஆனால் அதில் ஆக்சலேட் அதிகம், கொதிநீரில் சில நிமிடம் போட்டெடுத்து, அந்த நீரைக் கொட்டியபிறகே சாப்பிடவேண்டும். பிள்ளைகள் பச்சையாகக் கிள்ளி வாயில் போடாதபடி உயரத்தில் வையுங்கள். எதை உண்ணலாம் என்பதை உறுதியாகத் தெரிந்தவர் சொன்னபிறகே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

9. நாட்காட்டி

இத்தனைக்கும் பிறகுதான் தேதிகள்.

மே 26 ஸாரி டே, பறித்துச்செல்லப்பட்ட தலைமுறைகளை நினைக்கும் நாள். அது துக்கநாள், கேக் வெட்டும் நாள் அல்ல. மே 27 முதல் ஜூன் 3 வரை ரிகன்சிலியேஷன் வாரம். பூர்வகுடி மக்களையும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க வழிவிட்ட 1967ஆம் ஆண்டு வாக்கெடுப்பு நாளில் தொடங்கி, அவர்களின் நில உரிமையை ஏற்ற 1992ன் மாபோ தீர்ப்பு நாளில் முடிகிறது. ஜூலை முதல் ஞாயிறிலிருந்து நைடாக் வாரம். அது கொண்டாட்டம். ஆகஸ்ட் 4 பூர்வகுடி, டோரஸ் நீரிணைத் தீவுப் பிள்ளைகளின் தேசிய நாள். சைல்ட்கேருக்கு மிகப் பொருத்தமான நாள் இதுதான், பல சென்டர்கள் கவனிப்பதே இல்லை.

மே கடைசியில் மூத்தோர் யாருக்கும் நேரம் இருக்காது. நீங்கள் அழைக்கவேண்டிய மாதம் மார்ச், அல்லது செப்டம்பர்.

10. திட்டத்தை எழுதுவது

ரிகன்சிலியேஷன் ஆஸ்திரேலியா நடத்தும் நரகுன்னவாலி தளத்தில் பள்ளிகளும் சைல்ட்கேர்களும் இலவசமாகப் பதிவு செய்து திட்டம் எழுதலாம். ஒரு குழு அமைக்கவேண்டும், நிலைமையை மதிப்பிடும் கணக்கெடுப்பை நிரப்பவேண்டும், நோக்கத்தை எழுதவேண்டும், அப்புறம் செயல்களைத் தேர்ந்தெடுக்கவேண்டும். உறவு, மதிப்பு, வாய்ப்பு என்ற மூன்று தலைப்பின் கீழ் செயல்கள் வரும்.

பலர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். தளம் கேட்கிற பெட்டிகளை ஒருவரே உட்கார்ந்து நிரப்பிவிடுவார். சான்றிதழ் வந்து சுவரில் ஏறும். மதிப்பீட்டு அதிகாரி வந்து கேஷுவல் ஊழியரிடம் கேட்டால், அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

முந்தைய படிகளைச் செய்திருந்தால், இந்தப் பெட்டிகளில் எழுத ஏற்கெனவே விஷயம் இருக்கும். செயல்களைக் குறைவாக எடுங்கள். "சமூகத்தோடு தொடர்பை வளர்ப்போம்" என்று எழுதாதீர்கள். "என்ரோல்மென்ட் படிவத்தை ஜூனுக்குள் மாற்றுவோம், பொறுப்பு ஆபீஸ் மேனேஜர்" என்று எழுதுங்கள். அதைச் செய்தோமா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லமுடியும்.

குழுவில் பூர்வகுடிப் பெற்றோர் ஒருவர் வர விரும்பினால் நல்லது. யாரும் வராவிட்டாலும் குழு நடக்கட்டும். அது அவர்களுடைய வீட்டுப்பாடம் இல்லை.

11. நம் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில் பக்கம் சென்டரில் பாதிப் பெற்றோர் நம்மவர்களாக இருக்கலாம். "இதெல்லாம் எதற்கு, ஏபிசிடி சொல்லிக்கொடுங்கள்" என்பார்கள். கோபப்படாதீர்கள். பிள்ளை முடைந்த சின்ன வளையத்தைக் கையில் கொடுங்கள். விரல் வலிமை, எண்ணுவது, ஒழுங்குமுறை எல்லாம் அதில் இருப்பதைக் காட்டுங்கள். அப்புறம் நிலத்தைப் பற்றிச் சொல்லுங்கள். "வரும் வருடம் ஸ்கூலிலும் இதைத்தான் படிப்பாள்" என்பதும் வேலை செய்யும்.

சிலர் ஜனவரி 26 பற்றிக் கேட்பார்கள், குடியுரிமை வாங்கிய நாளாக அது பலருக்கு இனியது. பூர்வகுடி மக்கள் 1938லேயே அந்த நாளைத் துக்கநாளாக அனுசரித்தார்கள் என்று சொல்லலாம். யார் வீட்டுக் கொண்டாட்டத்தையும் குறைசொல்ல வேண்டாம், சென்டரில் கொடித் தொப்பி செய்யாமல் இருந்தால் போதும்.

12. ஆள் மாறும்போது

இந்தத் துறையில் ஊழியர்கள் அடிக்கடி மாறுவார்கள். உறவு ஒருவருடைய கைபேசியில் இருந்தால் அவரோடு போய்விடும்.

ஒரு கோப்பு வையுங்கள். யாரிடம் பேசினோம், எப்படிக் கூப்பிடச் சொன்னார், எதற்கு அனுமதி கொடுத்தார், எதற்குக் கொடுக்கவில்லை, கட்டணம் என்ன, எந்த மாதம் அவருக்கு வசதி, நாம் என்ன வாக்குக் கொடுத்தோம். கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தோட்டத்துக்கு விதை வாங்கிவைக்கிறோம் என்று சொல்லியிருப்போம், சொன்னவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

நீங்கள் போவதாக இருந்தால், அடுத்து வருபவரை நேரில் அழைத்துப்போய் அறிமுகம் செய்யுங்கள். நேரில் முடியாவிட்டால் போனிலாவது மூவரும் சேர்ந்து பேசுங்கள். டைரக்டரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த மூத்தவரோடு உட்கார்ந்து டீ குடிக்கட்டும். அடுத்த ஆண்டுக்கான தேதிகளை நவம்பரில் கேட்டுவிடுங்கள். பிப்ரவரிக்குள் பதில் வராவிட்டால் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.